பூட்லோடருக்கு வழி சொல்லுதல்: ஃபர்ம்வேரின் பாகங்களை ஓடும்போது கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலை மலையில் நாங்கள் நட்டுவைத்த மழைமானி ஒன்று, ஜூன் மாதத்து இரவொன்றில் பேச்சை நிறுத்திவிட்டது. தென்மேற்குப் பருவமழை வலுத்துப் பெய்துகொண்டிருந்த நேரம். அன்று மாலைதான் அதற்குப் புதிய ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) அனுப்பியிருந்தேன். மறுநாள் காலை அட்டைக்கடியோடு ஏறிப்போய், பெட்டியைத் திறந்து சீரியல் கம்பியை மாட்டிப் பார்த்தேன். போர்டு இரண்டு விநாடிக்கு ஒருமுறை தானாகவே ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது.

புதிய புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை. பிழை ஓர் எண்ணில் இருந்தது. சென்சரின் அளவுத்திருத்த அட்டவணை ஃபிளாஷில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) 96 கேபி-யில் இருக்கும் என்று பூட்லோடருக்குள், அதாவது முதலில் ஓடி மற்ற பாகங்களை ஏற்றும் சிறு நிரலுக்குள், எழுதிவைத்திருந்தேன். புதிய புரோகிராம் பெருத்து அந்த இடத்தைத் தாண்டியதால், இமேஜை (ஃபிளாஷில் எழுதும் முழுக் கோப்பை) கட்டும் ஸ்கிரிப்ட் அட்டவணையை 100 கேபி-க்குத் தள்ளியது. பூட்லோடர் பழைய இடத்தில் போய்ப் பார்த்தது. அங்கே இருந்தது புரோகிராமின் வால். செக்சம் (பைட்கள் சரியா என்று பார்க்கும் சோதனை எண்) பொருந்தவில்லை, ரீசெட். மறுபடி அதே இடம், மறுபடி ரீசெட்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) மூடியதை மறந்த மலையகத்தவர் இல்லை. மழையை அளக்க வைத்த கருவி மழை இரவில் ஊமையாவதை என்னால் சின்னத் தவறாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதன் பிறகு கற்றதையும் மாற்றியதையும் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். சி மொழியும் ஏதாவது ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் பழகியவர்களுக்கு இது போதுமானதாக இருக்கும்.

வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று வழி

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. லயத்துக் காம்பிராக்களுக்கு (அறைகளுக்கு) தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் வீடு சேரும். வெளியூரிலிருந்து ஒருவரைத் தேடி வருபவருக்கு மூன்று வழிதான். “மூணாவது லயம், அஞ்சாவது காம்பிரா” என்று யாரோ சொன்னதை நம்பி நேரே போகலாம். ஆபீஸில் பேரேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம். இரண்டும் இல்லாவிட்டால் லயத்து வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடலாம்.

பூட்லோடருக்கும் இந்த மூன்றுதான். தனக்குள் எழுதப்பட்ட எண்ணை நம்புவது, ஃபிளாஷில் உள்ள ஓர் அட்டவணையைப் படிப்பது, அடையாளக் குறியைத் தேடி ஃபிளாஷைத் துழாவுவது. எதை எப்போது பயன்படுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கும் விதி இது: சேர்த்தே கட்டப்பட்டுச் சேர்த்தே ஃபிளாஷில் எழுதப்படும் பாகங்களுக்கு எண் போதும். தனித்தனியே மாறக்கூடிய பாகங்களுக்கு அட்டவணை வேண்டும். தேடல் கடைசி வழி. மலைமேல் இருந்த என் பூட்லோடர் ஒருமுறை எழுதப்பட்டது, புரோகிராம் அடிக்கடி மாறுவது. அவை இரண்டுக்கும் நடுவே வெறும் எண்ணை வைத்ததுதான் தவறு.

படி 1: எந்த எண் எதைக் குறிக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

“முகவரி” என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குள் நான்கு வெவ்வேறு எண்கள் ஒளிந்திருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால் வரும் பிழைகளே அதிகம். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

முதலாவது, ஃபிளாஷ் சிப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்பது. இது ஃபிளாஷ் ஆஃப்செட். இரண்டாவது, இமேஜ் கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்பது. கோப்பை ஃபிளாஷின் பூச்சியத்திலிருந்து எழுதினால் இரண்டும் ஒன்றுதான். 64 கேபி-யிலிருந்து எழுதினால் இரண்டுக்கும் 64 கேபி வித்தியாசம். மூன்றாவது, பிராசசரின் கண்ணுக்கு அந்த பைட் எந்த நினைவக முகவரியில் தெரிகிறது என்பது. எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்தில் உள்ளேயே இருக்கும் ஃபிளாஷ் ஹெக்ஸ் 08000000 என்ற முகவரியிலிருந்து தெரியும். ஆகவே அதன் 64-ஆவது கேபி ஹெக்ஸ் 08010000-இல் இருக்கும். நான்காவது, அந்தப் பாகம் ஓடுவதற்கு ராமில் எங்கே போய் உட்காரவேண்டும் என்பது. லோட் முகவரி என்பார்கள். ஓட்டம் தொடங்கும் இடம் அந்தப் பாகத்தின் முதல் பைட்டாகவே இருக்கவேண்டும் என்றும் இல்லை.

எஸ்பிஐ என்ற சீரியல் இணைப்பில் தொங்கும் வெளி ஃபிளாஷ் என்றால் மூன்றாவது எண்ணே இல்லாமலும் போகலாம். பூட்லோடர் கட்டளை அனுப்பித்தான் படிக்கவேண்டும், இல்லையேல் கேஷ் வழியாக மேப் செய்துகொள்ளவேண்டும். ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் ஃபிளாஷை 64 கேபி பக்கங்களாக மேப் செய்கிறது. அதில் புரோகிராம் பார்ட்டிஷன்கள் (புரோகிராமுக்கு ஒதுக்கிய பகுதிகள்) 64 கேபி எல்லையில்தான் தொடங்கவேண்டும் என்ற கட்டாயம் இதிலிருந்து வந்ததுதான்.

நான் செய்வது இதுதான்: மாறிகளின் பெயரிலேயே வகையைச் சேர்த்துவிடுகிறேன். ஃபிளாஷ் ஆஃப்செட்டுக்கு ஒரு பின்னொட்டு, நினைவக முகவரிக்கு இன்னொன்று. ஒன்றை மற்றதாக மாற்ற ஒரே ஒரு ஃபங்ஷன். வேறு எங்கேயும் கூட்டல் கழித்தல் கூடாது.

படி 2: பூட் ரோம் எங்கே பார்க்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட பூட் ரோம் முதல் துண்டு நிரலை ஒரு குறிப்பிட்ட இடத்தில் தேடும். அந்த எண்ணை நம்மால் மாற்ற முடியாது. ஈஎஸ்பி32-இல் அது 4 கேபி. ஈஎஸ்பி32-எஸ்3, சி3 வகைகளில் பூச்சியம். எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகும் ஆல்வின்னர் சிப்களில் 8 கேபி. அங்கே யு-பூட் என்ற திறந்த மூல பூட்லோடரின் சிறிய முதல் கட்டமான எஸ்பிஎல் இருக்கும், முழு யு-பூட் வழக்கமாக 40 கேபி-யில் இருக்கும். எக்ஸ்86 கணினி ரீசெட் ஆனதும் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கும் கட்டளையை எடுக்கும். ஆகவே அங்கே இமேஜின் கடைசி பைட்கள்தான் முதலில் ஓடுகின்றன.

உங்கள் சிப்பின் கையேட்டில் இந்த ஒரு எண்ணைத் தேடி எழுதி வையுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து கட்டப்படுவது.

படி 3: லிங்கர் தரும் சிம்பல்களைச் சரியாகப் படியுங்கள்

பூட்லோடர் தன் சொந்த எல்லைகளைத் தெரிந்துகொள்ள, லிங்கரின் (நிரல் துண்டுகளை இணைத்து இடம் கொடுக்கும் கருவியின்) ஸ்கிரிப்ட்டில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சிம்பல்கள் (பெயர்கள்) வைப்போம். இவற்றில் மதிப்பு என்று எதுவும் இல்லை. சிம்பலின் முகவரிதான் தகவல். சி-யில் அதை ஒரு முழு எண்ணாக அறிவித்து நேரே படித்தால், அந்த முகவரியில் கிடக்கும் ஏதோ நான்கு பைட் கிடைக்கும். அளவு தராத எழுத்து வரிசையாக (char array) அறிவித்து, அதன் பெயரையே முகவரியாகப் பயன்படுத்துங்கள். அனுபவசாலிகளும் இதில் ஒருநாளாவது விழுந்திருப்பார்கள்.

யு-பூட்டில் டிவைஸ் ட்ரீயை (வன்பொருளை விவரிக்கும் தரவை) இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். நிரல் முடியும் இடத்தில் டிவைஸ் ட்ரீயை ஒட்டிவிடுகிறார்கள். முடிவைக் காட்டும் சிம்பலின் முகவரியே அதன் தொடக்கம். அழகான முறை, ஆனால் ஒரு குழி இருக்கிறது. தொடக்க மதிப்பில்லாத மாறிகளுக்கான பிஎஸ்எஸ் பகுதி பைனரி கோப்பில் இடம் பிடிக்காது. ராமில் அது நிரலுக்கு நேர் பின்னால் வந்தால், ஒட்டிவைத்த டிவைஸ் ட்ரீயும் அதே இடத்தில்தான் இருக்கும். பூட்லோடர் வழக்கப்படி பிஎஸ்எஸ்-ஐப் பூச்சியமாக்கும்போது டிவைஸ் ட்ரீ அழிந்துபோகும். அதனால்தான் எஸ்பிஎல்-க்கும் டிவைஸ் ட்ரீக்கும் நடுவே பிஎஸ்எஸ் அளவுக்கு வெற்று பைட்களைச் செருகுகிறார்கள். பிஎஸ்எஸ்-ஐ வேறொரு நினைவகத்துக்கு அனுப்பிவிட்டால் இந்த நிரப்பல் தேவையில்லை.

படி 4: கட்டும் கருவியே எண்ணை எழுதட்டும்

லிங்கருக்குத் தன் நிரலின் எல்லைதான் தெரியும். பக்கத்து பாகம் எங்கே போய் விழும் என்று தெரியாது. அது தெரிவது எல்லாவற்றையும் ஒரே இமேஜாகக் கட்டும் கடைசிக் கட்டத்தில்தான். அப்படியென்றால் அந்தக் கட்டத்திலேயே எண்ணைப் பூட்லோடருக்குள் பதித்துவிட வேண்டியதுதான்.

யு-பூட் திட்டத்தில் இதற்கென்றே பின்மேன் என்ற கருவி இருக்கிறது. 2016-இல் சைமன் கிளாஸ் எழுதத் தொடங்கியது. என்னென்ன பாகம், எந்த வரிசை என்று டிவைஸ் ட்ரீ வடிவில் விவரித்துக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கி இமேஜைக் கட்டித் தரும். எஸ்பிஎல் நிரலில் “முழு யு-பூட் இருக்கும் இடம் இங்கே வரவேண்டும்” என்று ஒரு மாறியைக் குறிப்பிட்ட முன்னொட்டுடன் அறிவிக்கிறோம். இடம் ஒதுக்கி முடித்ததும் பின்மேன், எஸ்பிஎல்-இன் ஈஎல்எஃப் கோப்பை (லிங்கர் தரும், சிம்பல்கள் உள்ள கோப்பை) திறந்து அந்த முன்னொட்டுள்ள சிம்பல்களைத் தேடுகிறது. பைனரியில் அவை எங்கே விழுகின்றன என்று கணக்கிட்டு, சரியான எண்ணை அங்கே எழுதிவிடுகிறது. கேட்கக்கூடியவை முக்கியமாக மூன்று: தாய்ப் பகுதிக்குள் ஆஃப்செட், முழு இமேஜுக்குள் இடம், அளவு. முதல் இரண்டையும் மாற்றிப்போட்டுவிடாதீர்கள். பாகம் நேரே இமேஜில் இருக்கும்வரை இரண்டும் ஒரே எண். அதை ஓர் உட்பகுதிக்குள் நகர்த்திய அன்றுதான் வித்தியாசம் வெளியே வரும்.

நிரப்பப்படாத சிம்பலின் மதிப்பு -1. இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது: சிம்பல்கள் உண்மையிலேயே எழுதப்பட்டன என்பதைக் காட்ட ஒரு மேஜிக் எண்ணையும் (முன்பே தெரிந்த அடையாள எண்) பதிக்கலாம். எஸ்பிஎல் முதலில் அதைச் சரிபார்த்துவிட்டு மற்றதை நம்பும்.

சின்னத் திட்டங்களுக்குப் பின்மேன் அவசியமில்லை. நான் பைத்தானில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். பூட்லோடரில் 16 பைட் வெற்றிடம், அதற்கொரு சிம்பல். ஸ்கிரிப்ட் ஈஎல்எஃப் கோப்பில் அந்தச் சிம்பலைத் தேடி, பைனரியில் அதன் இடத்தில் எண்ணை எழுதும். இங்கே ஒன்றை மறக்கக்கூடாது: அந்த மாறியை வாலடைலாக (volatile) அறிவியுங்கள். மாறாத மாறி, ஆரம்ப மதிப்பு -1 என்று மட்டும் சொன்னால், கம்பைலர் அந்த -1-ஐயே நிரலுக்குள் மடித்து வைத்துவிடும். நீங்கள் பைனரியில் எழுதிய எண்ணை யாரும் படிக்கவே மாட்டார்கள். ஹெக்ஸ்டம்பில் பார்த்தால் எண் சரியாக இருக்கும், போர்டு மட்டும் கேட்காது. ஹட்டன் கடைத்தெரு அடங்கும்வரை நான் இதோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

படி 5: தனித்தனியே மாறுபவற்றுக்குப் பேரேடு

ஈஎஸ்பி32-இன் பார்ட்டிஷன் டேபிளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். படிப்பதற்கு எளிது, மலையகத்தில் நம் பிள்ளைகள் கையில் இருக்கும் போர்டும் பெரும்பாலும் இதுதான்.

டேபிள் வழக்கமாக 32 கேபி-யில் இருக்கும். ஒவ்வொரு வரியும் 32 பைட். முதல் இரண்டு பைட் மேஜிக், அதாவது 170, 80 என்ற மதிப்புகள். பிறகு வகைக்கு ஒரு பைட், உள்வகைக்கு ஒரு பைட், ஆஃப்செட்டுக்கு 4, அளவுக்கு 4, பெயருக்கு 16, கொடிகளுக்கு 4. டேபிளுக்கான இடம் 3072 பைட், அதில் 95 வரி வரை எழுதலாம். கடைசியில் எம்டி5 செக்சம். பூட்லோடர் வரி வரியாகப் படித்து, வகை 0 என்றால் புரோகிராம், 1 என்றால் தரவு என்று பிரித்துக்கொள்ளும்.

ஒரு தொழிற்சாலைப் புரோகிராமும் இரண்டு அப்டேட் இடங்களும் உள்ள வழக்கமான அமைப்பு இப்படி இருக்கும்:

- 4 கேபி: பூட்லோடர்
- 32 கேபி: பார்ட்டிஷன் டேபிள்
- 36 கேபி: அமைப்புகளைச் சேமிக்கும் பகுதி
- 52 கேபி: எந்தப் புரோகிராம் ஓடவேண்டும் என்ற குறிப்பு, 8 கேபி
- 64 கேபி: தொழிற்சாலைப் புரோகிராம், 1 எம்பி
- 1088 கேபி: முதல் அப்டேட் இடம், 1 எம்பி
- 2112 கேபி: இரண்டாவது அப்டேட் இடம், 1 எம்பி

52 கேபி-யில் இருக்கும் குறிப்பு இரண்டு செக்டரில் எழுதப்படுகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண், அதற்கொரு சிஆர்சி (ஒருவகைச் செக்சம்). செல்லுபடியாகும் இரண்டில் பெரிய எண்ணே வெல்லும். அதிலிருந்து ஒன்றைக் கழித்து, அப்டேட் இடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மீதிதான் எந்த இடம் என்பதைச் சொல்லும். இரண்டும் வெறுமையாக இருந்தால் தொழிற்சாலைப் புரோகிராம். எழுதும்போது கரண்ட் போனாலும் பழைய செக்டர் அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது நமக்கு அன்றாடம் என்பதால், இந்த அமைப்பின் மீது எனக்குப் பெரிய மதிப்பு.

4 கேபி-க்கும் 32 கேபி-க்கும் நடுவே பூட்லோடருக்கு இருப்பது 28 கேபி. லாக் செய்திகளைக் கூட்டி, பாதுகாப்பு வசதிகளைச் சேர்த்தால் அது நிரம்பிவிடும். அப்போது டேபிளைத் தள்ளிவைக்கவேண்டி வரும். தொலைவில் ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் டேபிளை நகர்த்துவதை நான் செய்யமாட்டேன். ஃபிளாஷில் அது ஒரே ஒரு பிரதிதான். முதல் நாளே இடம் விட்டு வையுங்கள்.

இன்னொரு வகைப் பேரேடு இமேஜுக்குள்ளேயே இருப்பது. யு-பூட்டின் ஃபிட் வடிவம் அப்படிப்பட்டது. டிவைஸ் ட்ரீ அமைப்பில் ஒவ்வொரு பாகத்தின் லோட் முகவரி, தொடக்கப்புள்ளி, ஹாஷ் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். பாகங்களின் தரவை அந்த அமைப்புக்கு வெளியே வைத்தால், ஆஃப்செட் கணக்கு கோப்பின் தொடக்கத்திலிருந்து வராது. டிவைஸ் ட்ரீ முடியும் இடத்தை 4 பைட் எல்லைக்கு உயர்த்தி, அங்கிருந்து எண்ணவேண்டும். எஸ்பிஎல் இந்தச் சிறிய அமைப்பை மட்டும் முதலில் படித்துவிட்டு, வேண்டிய பாகங்களை மட்டும் ஏற்றிக்கொள்ளும்.

மழைமானிக்கு நான் எடுத்த தீர்வும் இந்த வகைதான். ஒவ்வொரு இமேஜின் தலையிலும் 64 பைட் ஹெடர். பாகங்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் ஆஃப்செட், அளவு, சிஆர்சி. இதைக் கட்டும் ஸ்கிரிப்ட் மட்டுமே எழுதும். பூட்லோடருக்கு இமேஜ் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் தெரியும். அட்டவணை 96-இல் இருந்தாலும் 100-இல் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

படி 6: பேர் சொல்லிக் கூப்பிடவேண்டி வந்தால்

சில நேரம் வேறு வழியிருக்காது. கோர்பூட் என்ற திறந்த மூல ஃபர்ம்வேரின் இமேஜில் பகுதிகளின் வரைபடத்துக்கு எஃப்மேப் என்று பெயர். அதன் தலையில் 8 எழுத்து அடையாளம் இருக்கும். இமேஜை ஆராயும் வெளிக் கருவிகள் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்கின்றன. பின்மேனும் முழு வரைபடத்தை 8 பைட் அடையாளத்துடனும் 8 பைட் பூச்சியங்களுடனும் இமேஜில் வைக்க வசதி தருகிறது. இமேஜின் தொடக்கத்திலோ முடிவிலோ 8 பைட் தலைப்பு ஒன்றை வைத்தால், வரைபடம் எங்கே என்று அது சொல்லிவிடும், துழாவத் தேவையில்லை.

லயத்து வாசலில் நின்று “லெட்சுமி” என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஃபிளாஷிலும் அப்படித்தான். பூட்லோடர் அந்த அடையாளத்தைத் தேடவேண்டுமென்றால், அந்த எழுத்துகள் பூட்லோடரின் நிரலுக்குள்ளேயே மாறிலியாக இருக்கும். பூச்சியத்திலிருந்து தேடத் தொடங்கினால் முதலில் கிடைப்பது அதுவே. அடையாளத்தைத் தலைகீழ் பிட்களாகச் சேமித்து, தேடும் நேரத்தில் திருப்பிக்கொண்டால் இது நிற்கும். இரண்டாவது ஆபத்து, பழைய இமேஜின் மிச்சம். நேற்றைய பெரிய இமேஜின் மேல் இன்றைய சிறிய இமேஜை எழுதினால், அழிக்கப்படாத செக்டர்களில் பழைய ஹெடர்கள் உயிரோடு இருக்கும். எழுதுமுன் முழு இடத்தையும் அழியுங்கள். தேடும்போது ஒவ்வொரு பைட்டாகப் போகாமல் எல்லைகளில் மட்டும் பாருங்கள். கோர்பூட்டின் கோப்பு அமைப்பான சிபிஎஃப்எஸ்-இல் கோப்புகள் வழக்கமாக 64 பைட் எல்லையில் தொடங்குவது இந்த வேலையை எளிதாக்குகிறது.

படி 7: கண்டுபிடித்ததைக் குதிக்கும் முன் சோதியுங்கள்

கிடைத்த எண்ணை நம்பி உடனே படிக்காதீர்கள். ஆஃப்செட் ஃபிளாஷுக்குள் இருக்கிறதா, ஆஃப்செட்டும் அளவும் சேர்ந்து எல்லையைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள். 32 பிட்டில் கூட்டினால் சுற்றிவந்து சிறிய எண்ணாகிவிடலாம். ஆஃப்செட்டை முதலில் எல்லையோடு ஒப்பிட்டு, பிறகு மீதியிருக்கும் இடத்தோடு அளவை ஒப்பிடுங்கள். ஹெடருக்குத் தனி சிஆர்சி, உள்ளடக்கத்துக்குத் தனி. யு-பூட்டின் பழைய இமேஜ் வடிவில் 64 பைட் ஹெடரும் ஹெக்ஸ் 27051956 என்ற மேஜிக்கும் இரண்டு சிஆர்சி-யும் உண்டு. பைட் வரிசையையும் கவனியுங்கள். அந்த ஹெடர், டிவைஸ் ட்ரீ, சிபிஎஃப்எஸ் மூன்றும் பெரிய முனை முதலில் வரும் வரிசை. உங்கள் பிராசசர் பெரும்பாலும் அதற்கு நேர்மாறு.

கோர்டெக்ஸ்-எம் (எஸ்டிஎம்32 போன்றவற்றில் உள்ள பிராசசர்) என்றால் இன்னும் மூன்று எளிய சோதனைகள். புரோகிராமின் முதல் 4 பைட் ஸ்டாக் முகவரி, அது ராமுக்குள் அடங்கவேண்டும். எஸ்டிஎம்32-இல் ராம் ஹெக்ஸ் 20000000-இலிருந்து தொடங்கும். ஸ்டாக் முகவரி ராமின் முடிவுக்கு அடுத்த பைட்டாக இருப்பதும் சரியே. அடுத்த 4 பைட் ரீசெட் ஃபங்ஷனின் முகவரி, அது அந்தப் புரோகிராமின் இடத்துக்குள் இருக்கவேண்டும். அதன் கடைசி பிட் 1 ஆக இருக்கவேண்டும். அழிந்த ஃபிளாஷில் எல்லா பிட்டும் 1 என்பதால், கடைசிச் சோதனையை மட்டும் வைத்து ஏமாறாதீர்கள். குதிக்கும் முன் இன்டரப்ட்களை நிறுத்தி, வெக்டர் டேபிளின் (இன்டரப்ட் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியலின்) இடத்தைப் புதிய புரோகிராமுக்கு மாற்றுங்கள்.

படி 8: மேசையிலேயே தோற்கவையுங்கள்

அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன். புரோகிராமில் வெறும் 8 கேபி மாறிலியைச் சேர்த்து, பாகங்கள் எல்லாம் நகரும்படி ஓர் இமேஜ் கட்டுகிறேன். பழைய பூட்லோடர் இருக்கும் போர்டில் அதை ஏற்றுகிறேன். பிறகு ஹெடரில் ஒரு பைட்டை மாற்றி ஏற்றுகிறேன். பிறகு எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் கம்பியைப் பிடுங்குகிறேன். மூன்றிலும் போர்டு ஏதாவதொரு நல்ல புரோகிராமோடு எழும்பவேண்டும். ஃபிளாஷைத் திரும்பப் படித்து, ஹெக்ஸ்டம்பில் ஒவ்வொரு பாகத்தின் முதல் 16 பைட்டையும் கட்டும் ஸ்கிரிப்ட் சொன்ன இடத்தோடு கண்ணால் ஒப்பிடுகிறேன். ஈஎஸ்பி32 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. 115200 வேகத்தில் சீரியலைத் திறந்தால், பூட்லோடர் தான் படித்த டேபிளையும் எந்த ஆஃப்செட்டிலிருந்து புரோகிராமை ஏற்றியது என்பதையும் தானே அச்சிடும்.

என் பூட்லோடரும் இப்போது ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி அச்சிடுகிறது: பெயர், கண்டுபிடித்த இடம், அளவு, சிஆர்சி சரியா இல்லையா. சரியில்லை என்றால் ரீசெட் ஆவதில்லை. முந்தைய இமேஜுக்குத் திரும்பி மழையை எண்ணத் தொடங்கி, தோற்ற பாகத்தின் பெயரைக் குறுஞ்செய்தியாக எனக்கு அனுப்புகிறது.